செந்தட்டிக் கொடி: கை பட்டு அரிச்சவங்க எங்கிட்ட கேட்ட கேள்விகள்

கொல்லிமலைல எங்களுக்கு கொஞ்சம் காப்பியும் மிளகும் இருக்கு. தை, மாசில மிளகு பறிக்கற சமயம் ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸுனு யாராச்சும் எழுபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி வந்துடுவாங்க, வந்த அன்னிக்கே ஒருத்தராவது கைய உதறிக்கிட்டு "என்னமோ கடிச்சிடுச்சு"னு ஓடி வருவாங்க. கடிச்சது பூச்சி இல்ல, கொடி. ஒவ்வொருத்தருக்கும் திரும்பத் திரும்ப சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதி வச்சிட்டேன்.

இது என்ன கொடி, பேரு என்ன?

செந்தட்டி. சில பக்கம் செந்தொட்டி, சில பக்கம் காஞ்சொறி, சித்த மருத்துவக்காரங்க சிறுகாஞ்சொறினு சொல்லுவாங்க. மலையாளத்துல கொடித்தூவ, சொறியணம். சிங்களத்துல வெல் கஹம்பிலியா. வங்காளத்துல பிச்சுட்டி, தேள் பேரோட ஒட்டின பேரு அது, வச்சவன் கண்டிப்பா ஒரு தடவ வாங்கியிருப்பான். தாவரவியல் பேரு ட்ரேஜியா இன்வோலுக்ரேட்டா. ஆமணக்கு, மரவள்ளி, குப்பைமேனி எல்லாம் எந்த குடும்பமோ அதே குடும்பம். இந்தியா, இலங்கை, வங்கதேசம், பர்மானு பரவி கிடக்கு. மலைல மட்டும்தான்னு இல்ல, கீழ சமவெளி வேலிலயும் வரும், ஆனா மலை ஓரத்து புதர்க்காடு, தோட்டத்து வரப்பு, ஒத்தையடிப் பாதை, இங்கல்லாம் இதுக்கு கொண்டாட்டம்.

நான் எந்த செந்தட்டியையும் தொடலையே, மிளகுக்கொடியத்தானே புடிச்சேன்?

இதத்தான் எல்லாரும் சொல்றாங்க. நான் ரொம்ப நாள் மிளகுக்கொடி ஏத்தி விட்டிருக்கற சில்வர் ஓக் மரத்து பட்டைல ஏதோ கம்பளிப்பூச்சி இருக்குனு நெனச்சிட்டு இருந்தேன், மரத்தையே திட்டியிருக்கேன். பக்கத்து தோட்டத்து அண்ணன் ஒரு நாள் ஏணிய புடிச்சிட்டு நின்னவரு, "மரத்த ஏன்டா வையற, மரத்து மேல யாரு ஏறியிருக்கானு பாரு"ன்னாரு. பாத்தா மிளகுக்கொடியோட தண்டுக்கும் மரத்துக்கும் நடுவுல நூலு மாதிரி ஒண்ணு சுத்திக்கிட்டு போயிருக்கு, அதுல அஞ்சாறு இலை, அவ்ளோதான்.

இந்த கொடிய புரிஞ்சிக்கணும்னா இது ஒண்ணு புரிஞ்சா போதும். இது தனியா நிக்காது, அடுத்தவன் மேல ஏறி நிக்கும். உண்ணிச்செடி மேல, காப்பி மேல, வேலி கம்பி மேல. பற்றுக்கம்பி கிடையாது, கொக்கி முள்ளு கிடையாது, தண்டே முறுக்கிக்கிட்டு ஏறும். பெரிய கொடியும் இல்ல, ஆள் உயரத்துக்கு கொஞ்சம் முன்ன பின்ன. அதனால நம்ம கண்ணு பெரிய செடியத்தான் பாக்கும், கை சின்னதுல படும். "உண்ணிச்செடி எனக்கு அலர்ஜி", "காப்பி இலை எனக்கு ஒத்துக்காது"னு சொல்றவங்கள்ல பல பேருக்கு ஒத்துக்காதது அந்த செடி மேல ஏறியிருக்கற இதுதான்னு என் சந்தேகம்.

அப்ப எப்படி அடையாளம் கண்டுபிடிக்கறது?

இலை மாத்தி மாத்தி ஒண்ணொண்ணா இருக்கும், நீளமா, நுனி கூரா, ஓரம் பூரா ரம்பப் பல்லு. நம்ம விரல் நீளம்னு வச்சிக்கங்க, நல்ல மண்ணுல அதுக்கு மேலயும் வரும். வெயில் பின்னாடி இருக்கற மாதிரி நின்னு பாருங்க, இலையோட அடிப்பக்கத்து நரம்பு மேலயும் தண்டு மேலயும் வெள்ளையா ரோமம் மினுங்கும். அந்த ஒரு மினுமினுப்ப கண்ணு பழகிடுச்சுன்னா அப்புறம் பத்தடி தள்ளியே தெரியும்.

பூவ தேடாதீங்க, பூன்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்ல, பச்சை மஞ்சளா சின்ன கதிரு, மேல ஆண்பூ, அடில ஒண்ணு ரெண்டு பெண்பூ. காய்தான் நல்ல அடையாளம். ஆமணக்கு காய குட்டியாக்கி வச்ச மாதிரி மூணு உருண்டை ஒட்டி இருக்கும், அத சுத்தி சீப்பு மாதிரி கிழிஞ்ச பச்சை இதழ் நட்சத்திரமா விரிஞ்சு நிக்கும், அதுலயும் ரோமம். காஞ்சா மூணா வெடிச்சிடும், ஒரு பாகத்துக்கு ஒரு விதை. பாக்க அழகா இருக்கும், அழகா இருக்குனு கிள்ளினா தொலைஞ்சீங்க.

கிள்ளினா பால் வராது, அதையும் கவனிச்சிக்கங்க. இந்த குடும்பத்துல நிறைய செடில பால் வரும், இதுல வராது. (யாரும் டெஸ்ட் பண்ணி பாக்க வேணாம், சொல்றத நம்புங்க.)

இலை மூணா பிரிஞ்சு இருக்கற ஒண்ணையும் இதே பேர சொல்லி கூப்புடறாங்களே?

அது இதோட தம்பி, ட்ரேஜியா ப்ளூக்கனெட்டி. இலை மூணு விரல் மாதிரி பிளந்து இருக்கும். அதுவும் குத்தும்.

பூனைக்காலியும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லவே இல்ல. இந்த குழப்பம் நமக்கு மட்டும் இல்ல, தெலுங்குல கூட அதுவும் துலகொண்டி, இது சின்ன துலகொண்டி. பூனைக்காலி அவரை குடும்பம், மூணு மூணு இலையா வரும், பெரிய கொடி, கருஞ்சிவப்பு பூ கொத்தா தொங்கும். அதுல அரிக்கறது காய் மேல இருக்கற பழுப்பு சுணை, இலைய தைரியமா தொடலாம். அந்த சுணை காத்துல கூட உதிர்ந்து வரும், ஸ்கூல்ல பசங்க சட்டைக்குள்ள போட்டு விளையாடற அரிப்புப் பொடி அதுதான். அதுல மியூக்குனைன்னு ஒரு புரதத்த அரிக்கற என்சைம் இருக்கு, அரிப்புக்கு காரணம் அது. அந்த விதைல இருக்கற எல்-டோப்பா பார்க்கின்சன் நோய்க்கு குடுக்கற அதே பொருள், ஆனா அது வேற பெரிய கதை.

செந்தட்டில அப்படி காத்துல ஒண்ணும் பறந்து வராது. தொட்டாத்தான். ஆனா இலை, தண்டு, காய்னு எங்க தொட்டாலும்.

ஊட்டில எனக்கு பட்டதும் இதுவா? அது பயங்கரமா எரிஞ்சுது.

அனேகமா அது வேற. நீலகிரில நெட்டில்னு சொல்றது ஜிரார்டினியா டைவர்சிஃபோலியா, நேரா நிமிந்து ஆள் உயரம் வளரும், இலை கையகலம், ஓரம் பெருசு பெருசா பிளந்து, தண்டு பூரா கண்ணுக்கு தெரியற முள்ளு ரோமம். ஏறாது. இங்கிலீஷ்லயே அதுக்கு நீலகிரி நெட்டில்னுதான் பேரு. அத நேபாளத்துல அல்லோன்னு கூப்பிட்டு தண்டுலேர்ந்து நார் உரிச்சு துணி நெய்யறாங்க, கைல குத்தற செடிய கட்டி போட்டுக்கற துணியா மாத்தின ஆளுங்கள நெனச்சா எனக்கு மரியாதையா இருக்கு. அது பட்டா இதவிட எரிச்சல் ஜாஸ்தி. குடும்பமும் வேற, வேலை செய்யற விதமும் வேற, அடுத்த கேள்வில சொல்றேன்.

ஒரு முடி, அது எப்படி இவ்ளோ வேலை காட்டுது?

எனக்கு இதுல புடிச்ச பகுதியே இதான், கொஞ்சம் நீளமா போவேன்.

மொதல்ல நீலகிரி நெட்டில் வகை. அதுல முடி ஒரு ஊசி மாதிரி, உள்ள காலி, அடில ஒரு பை, நுனில குண்டா ஒரு மொட்டு. நுனி கண்ணாடி செய்யற சிலிக்காவால ஆனது. கை பட்டா மொட்டு சாய்வா உடையும், உடைஞ்ச முனை தோலுக்குள்ள போகும், பைல இருக்கற திரவம் உள்ள இறங்கும். டாக்டர் போடற ஊசியேதான். 1665லயே ராபர்ட் ஹூக்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி மைக்ராஸ்கோப்ல நெட்டில் முள்ள வச்சு பாத்து, கூடவே கைல குத்தியும் பாத்து எழுதி வச்சிருக்காரு. ஐரோப்பா நெட்டில்ல ஹிஸ்டமின், அசிடைல்கோலின், செரோடோனின் இதெல்லாம் இருக்கு. எறும்பு ஆசிட்தான் காரணம்னு நாம ஸ்கூல்ல படிச்சது அரைகுறை.

செந்தட்டி முடி அந்த மாதிரி சிரிஞ்ச் இல்ல. நடுவுல ஒரு செல்லு, அத சுத்தி மூணு செல்லு அணைச்சு புடிச்சிட்டு நிக்கும். நடு செல்லுக்குள்ள ஒரே ஒரு நீளமான படிகம், ஊசி மாதிரி, அதுல நீளவாக்குல ஒரு பள்ளம். கை பட்டதும் மேல மூடியிருக்கற மெல்லிசு சவ்வு கிழிஞ்சு படிகம் நேரா தோலுல ஏறுது, செல்லுல இருக்கற சாறு அந்த பள்ளம் வழியா வழிஞ்சு உள்ள போகுது. சிரிஞ்ச் இல்ல, ஈட்டி. ஈட்டில விஷம் தடவி எறியற மாதிரி.

அந்த படிகம் எதுனால ஆனது தெரியுமா, கால்சியம் ஆக்சலேட். கிட்னி ஸ்டோன்ல பெரும்பாலும் இருக்கறது இதுதான். கருணைக்கிழங்க புளி போடாம வேக வச்சு தின்னா நாக்கு அரிக்குமே, அதுக்கும் இந்த கால்சியம் ஆக்சலேட் ஊசிதான் காரணம். ஒரே சரக்கு, கருணை அத கிழங்குக்குள்ள கட்டுக்கட்டா ஒளிச்சு வைக்குது, செந்தட்டி வெளிய ஒவ்வொரு ஊசியா நட்டு வச்சிருக்கு.

பட்டுட்டா உடனே என்ன பண்ணனும்?

தேய்க்காதீங்க. மொத ரெண்டு நிமிஷம் கைய கட்டிப் போட்டாலும் சரி, தேய்க்காதீங்க. தேய்ச்சா மேல நிக்கற முடியெல்லாம் உள்ள போகும், படாத எடத்துக்கும் பரவும். இது சொல்றது ஈசி, அரிக்கறப்ப சொறியாம இருக்கறது எவ்ளோ கஷ்டம்னு எனக்கும் தெரியும்.

செலோ டேப்போ பிளாஸ்டரோ இருந்தா பட்ட எடத்துல ஒட்டி வெடுக்குனு உரிங்க, புது துண்டு எடுத்து நாலஞ்சு தடவ. நிறைய முடி அதோட வந்துடும். நான் பறிப்பு சீசன்ல பாக்கெட்ல பீடிக்கட்டு மாதிரி ஒரு டேப் ரோல் வச்சிருப்பேன். அப்புறம் சோப்பு போட்டு ஓடற தண்ணில கழுவுங்க, துண்டால அழுத்தி துடைக்காம ஒத்தி எடுங்க. அதுக்கு மேல ஐஸ் இல்ல குளுந்த தண்ணி துணி, கலமைன் லோஷன் இருந்தா தடவலாம். ரொம்ப தடிச்சிருந்தா மெடிக்கல்ல கேட்டு அலர்ஜி மாத்திரை. போட்டிருக்கற சட்டையையும் மாத்திடுங்க, முடி துணில குத்திட்டு நிக்கும். எங்க மாமா கழுவி, மாத்திரை போட்டு, எல்லாம் சரியானப்புறம் அதே சட்டைய திரும்ப மாட்டிக்கிட்டு மறுபடி ஆரம்பத்துலேர்ந்து ஆடினாரு.

கண்ணுல பட்டா கசக்காம நல்ல தண்ணி ஊத்திக்கிட்டே இருந்து டாக்டர பாருங்க. முகம், உதடு வீங்குது, மூச்சு திணறுது, தலை சுத்துதுன்னா கை வைத்தியம் எதுவும் வேணாம், நேரா ஆஸ்பத்திரி. மலைலேர்ந்து கீழ இறங்க நேரமாகும், அதனால "கொஞ்சம் பாக்கலாம்"னு ஒக்காராதீங்க.

சாணி, சுண்ணாம்பு, நல்லெண்ணெய், சேறு, இதுல எது நல்லது?

அம்மாயி சாணின்னு சொல்லும், தோட்டத்து அக்கா ஒருத்தங்க தலைமுடில தேய்ச்சா போயிடும்னு சொல்லுவாங்க, கேரளா பக்கத்து ஆளு ஒருத்தர் தேங்காய் எண்ணெய்னாரு. சொறிஞ்ச எடத்துல சாணி வைக்கறது கிருமிக்கு வெத்தல பாக்கு வச்சு அழைக்கற மாதிரி, சுண்ணாம்பு தோல பொத்துடும், இந்த ரெண்டும் வேணாம். சேறு காஞ்சதும் உரிச்சு எடுத்தா டேப் மாதிரி முடிய இழுத்துட்டு வரும், அதுல கொஞ்சம் லாஜிக் இருக்கு, ஆனா டேப் இருக்கறப்ப சேறு எதுக்கு. எண்ணெய் எரிச்சல ஆத்தற மாதிரி தோணும், ஆனா எண்ணெய் போட்டா டேப் ஒட்டாது, அதனால டேப்புக்கு அப்புறம். தலைமுடி வைத்தியத்த நான் செஞ்சு பாத்தேன், கையும் அரிச்சுது தலையும் அரிச்சுது.

எவ்ளோ நேரம் இருக்கும்?

பெரும்பாலும் ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரத்துல அடங்கிடும். சிலருக்கு சாயங்காலம் வரைக்கும் தடிப்பு இருக்கும். மறுநாளும் குறையலைன்னா காட்டுங்க.

தோட்டத்துலேர்ந்து இத எப்படி ஒழிக்கறது?

மழை பெஞ்சு மண்ணு ஊறினப்ப வேரோட புடுங்கறதுதான் வழி. மேல கொடிய மட்டும் அறுத்தா வேர்க்கட்டைலேர்ந்து திரும்ப துளிர்க்கும், பல வருஷம் வாழற வேரு. மொதல்ல அடித்தண்டு எங்க இருக்குனு கண்ணால தேடி புடிங்க, கைய விட்டு துழாவாதீங்க. அடில அருவாளால வெட்டிட்டு கொடிய அப்படியே ரெண்டு நாள் வாட விடுங்க, வேர மட்டும் கொத்தி எடுங்க. வாடின கொடிய ஒரு குச்சில நூடுல்ஸ் சுத்தற மாதிரி சுத்தி எடுத்துடலாம். வாடிடுச்சேனு வெறும் கை வைக்காதீங்க, காஞ்ச கொடில கை வச்சு வாங்கினவன் சொல்றேன். துணி கையுறை வேஸ்ட், முடி அத தாண்டி வரும், தோலு இல்ல கெட்டி ரப்பர் கையுறை போடுங்க, முழுக்கை சட்டை, பேன்ட் சாக்ஸுக்குள்ள.

காய் வெடிக்கறதுக்கு முன்னாடி எடுத்துட்டா அடுத்த வருஷம் வேலை பாதி. நான் மூணு வருஷமா வெடிச்சப்புறம்தான் எடுத்திட்டு இருக்கேன்.

இத சாப்பிடறாங்களாமே, நிஜமா?

கேரளால கர்க்கடக மாசம், நம்ம ஆடி, பத்து வகை கீரை சேத்து பத்திலைனு தோரன் பண்ணுவாங்க, அந்த பட்டியல்ல ஆனைக்கொடித்தூவன்னு ஒண்ணு வரும். தூவ வகைய கொதி தண்ணில போட்டு எடுத்தா முடி துவண்டுடும், அப்புறம் குத்தாது. பறிக்கறது, ஆயறது வரைக்கும்தான் ஆபத்து. எங்க வீட்ல யாரும் பண்ணதில்ல, எனக்கும் தைரியம் வரல.

மருந்துனு பாத்தா சித்தாலயும் ஆயுர்வேதத்துலயும் வேர உபயோகிக்கறாங்க, காய்ச்சல், தோல் அரிப்பு, இருமல்னு. ஆமா, தோல் அரிப்புக்கே! வேர்ச்சாறு வீக்கத்த குறைக்குதா, புண்ண ஆத்துதானு எலிகள வச்சு ஆராய்ச்சியும் நடந்திருக்கு. எலிக்கு ஆச்சுனு நீங்க வேர தோண்டி கஷாயம் போடாதீங்க, தெரிஞ்ச வைத்தியர் குடுத்தா குடிங்க.

ட்ரேஜியான்னா என்ன அர்த்தம்? ட்ராஜெடியா?

எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஹைரோனிமஸ் போக்னு 16ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மூலிகை அறிஞர் ஒருத்தர். போக்னா ஜெர்மன்ல கிடா. அத கிரேக்கத்துல ட்ராகோஸ், லத்தீன்ல ட்ராகஸ்னு மாத்தி அவர் ஞாபகமா வச்ச பேருதான் ட்ரேஜியா. செடிகளுக்கு ரெண்டு வார்த்தைல பேர் வைக்கற முறைய கொண்டு வந்த லின்னேயஸ் 1753ல அதையே எடுத்துக்கிட்டாரு. அதுக்கு முன்னாடியே கொச்சில டச்சுக்காரர் வான் ரீட் தொகுத்த ஹோர்ட்டுஸ் மலபாரிக்கஸ்னு மலபார் செடிகள பத்தின 12 வால்யூம் புத்தகத்துல இந்த கொடி சொறியணம்ங்கற மலையாளப் பேரோடயே ஏறிடுச்சு. என்னைக் கேட்டா சொறியணம்தான் நல்ல பேரு.

வேற நாட்டு மலைல இப்படி ஏறிக்கிட்டே குத்தற கொடி இருக்கா?

இருக்கு, தென் அமெரிக்கா ஆண்டிஸ் மலைல கயோஃபோரா. பேரே கிரேக்கத்துல எரிச்சல சுமக்கறதுனு அர்த்தம். சிலது தரையோட கிடக்கும், சிலது நம்ம செந்தட்டி மாதிரி முறுக்கிக்கிட்டு ஏறும். ஆனா அதுக்கு பூ இருக்கே, செங்கல் கலர்ல, ஆரஞ்சுல, அவ்ளோ அழகு, அந்த பூவுக்காக ஐரோப்பால தோட்டத்துல வளக்கறாங்க, கையுறை போட்டுக்கிட்டு. அதோட காய் முறுக்கு மாதிரி திருகியிருக்கும். பல வகைக்கு தேன்சிட்டு மாதிரி ஹம்மிங் பறவை வந்து மகரந்தம் எடுத்துட்டு போகும், ஒரு வகைக்கு ராத்திரி எலி வந்து அந்த வேலைய பாக்குதுன்னு அர்ஜென்டினால கண்டுபிடிச்சிருக்காங்க.

2016ல ஜெர்மனி பான் நகர ஆராய்ச்சியாளர்கள் அந்த குடும்பத்து முள்ளு நுனிய பாத்தப்ப அது கால்சியம் பாஸ்பேட்டால ஆனதுனு தெரிஞ்சுது, அதாவது நம்ம பல்லு எதால ஆனதோ அதே சரக்கு. ஆக நீலகிரி நெட்டில்கிட்ட கண்ணாடி, செந்தட்டிகிட்ட கிட்னி ஸ்டோன், ஆண்டிஸ் கொடிகிட்ட பல்லு. மூணும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத குடும்பம், மூணு பேரும் தனித்தனியா யோசிச்சு ஒரே எடத்துக்கு வந்திருக்காங்க.

மொத்தமா ஒழிச்சிட்டா என்ன, இதனால யாருக்கு என்ன லாபம்?

பாதைல, ஏணி வைக்கற மரத்துல இருக்கறத எடுத்துடுங்க, நானும் எடுக்கறேன். ஆனா இந்த முள்ளு நம்மள மாதிரி ஆளுங்களுக்கும் ஆடு மாடுக்கும்தான், எங்க ஆடு ஒண்ணு வாய வச்சிட்டு மூக்க தரைல தேய்ச்சிக்கிட்டு போனத பாத்திருக்கேன். பூச்சிக்கு இது ஒரு பொருட்டே இல்ல. பழுப்புல அலை அலையா கோடு போட்ட பட்டாம்பூச்சி ஒண்ணு தோட்டத்துல தாழ்வா மிதந்து மிதந்து போகுமே, ஆமணக்குல புழு வைக்குமே, அது செந்தட்டிலயும் வைக்கும். அதோட சொந்தக்காரப் பூச்சி ஒண்ணும், ஆரஞ்சுல கருப்பு வரி போட்ட இன்னொரு பட்டாம்பூச்சியும் இதுல வளரும். அந்த புழு ஈட்டிகளுக்கு நடுவுல புகுந்து இலைய ஓரத்துலேர்ந்து நிதானமா தின்னுட்டு போகுது.

அதனால கிணத்து பக்கம் வேலில ஒரு கொடிய விட்டு வச்சிருக்கேன், அந்த வேலிக்கு அந்தப் பக்கம் யாருக்கும் வேலை இல்ல. போன வாரம் ஒரு இலையோட அடில குண்டூசி தலை அளவு ஒரு வெள்ளை முட்டை பாத்தேன். போன்ல ஜூம் பண்ணா முட்டை மேலயும் சுத்தி முடி. அது குத்துமா குத்தாதானு தொட்டு பாக்கல.